மருத்துவமாதின் மனச்சாட்சி

(தாய் சேய் நலன் குறித்து அண்மையில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பொதுமேடைகளில் காணியைப் பற்றிப் பேசுகின்றோம். மொழியைப் பற்றிப் பேசுகின்றோம். ஆட்சியதிகாரத்தைப் பற்றிப் பேசுகின்றோம். இன்று, நம்மில் பெரும்பாலோரை இவ்வுலகில் முதன்முதலாகக் கையில் ஏந்திய ஒருத்தியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். மருத்துவமாதைப் பற்றிப் பேசச் சட்டத்தரணிக்கு என்ன தகுதி உண்டென்று சிலர் நினைக்கலாம். பிள்ளைப்பேற்று வைத்தியத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லப் போவதில்லை. தான் செய்ய வேண்டியது இன்னதென்று நன்றாக அறிந்திருந்தும், அதைச் செய்யவொட்டாமல் கை கட்டப்பட்டு நிற்கும் ஒரு தொழிலாளியின் நிலையைப் பற்றியே பேசப் போகின்றேன். கையைக் கட்டிய கயிறு எது, கட்டியவர் யார், அவிழ்க்கக் கடமைப்பட்டவர் யார் என்று விசாரிப்பது சட்டம் படித்தவனுடைய தொழிலே அன்றோ?

நோவுக்கு ஒரு பெயர்

1984 ஆம் ஆண்டில் அன்றூ ஜேமற்றன் என்னும் அமெரிக்க மெய்யியலறிஞர், தாதியர் தொழிலின் அறநெறியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் அவர் ஒரு வேறுபாட்டைக் காட்டினார். எது சரி, எது பிழை என்று தெரியாமல் மனம் ஊசலாடுவது ஒரு வகைத் துன்பம். எது சரியென்று ஐயமின்றித் தெரிந்திருந்தும், தான் வேலை செய்யும் நிறுவனத்தின் ஒழுங்குகளும் அதிகாரங்களும் குறைபாடுகளும் குறுக்கே நிற்பதனால் அதைச் செய்ய முடியாமற் போவது மற்றொரு வகைத் துன்பம். இந்த இரண்டாவது துன்பத்துக்கு அவர் ஒரு தனிப்பெயர் இட்டார். நாம் அதை மனச்சாட்சி நோவு என்போம்.

இது வேலைக் களைப்பு அன்று. களைப்பு உறங்கினால் தீரும். இது துக்கமும் அன்று. செய்யக்கூடிய அனைத்தையும் செய்த பின்னரும் ஒரு தாய் இறந்தால், மருத்துவமாது அழுவாள். ஆனால் அவள் மனச்சாட்சி அவளைக் குற்றஞ் சாட்டாது. செய்திருக்கக் கூடியதைச் செய்ய விடப்படாமல் ஒரு சிசு இறந்தால், அவள் வீட்டுக்குப் போன பின்னரும் அந்தக் கேள்வி அவளை விடாது. வழக்கில் குற்றவாளி ஒருவன், சாட்சி ஒருவன் இருப்பான். இந்த நோவில் சாட்சியே தன்னைக் குற்றவாளியாக நிறுத்திக் கொள்கின்றாள். இதுவே இதன் கொடுமை.

நாம் பட்ட கடன்

இந்த நோவைச் சுமப்பவள் யார் என்பதை முதலில் நினைவு கொள்வோம். 1930 களில் இத்தீவிலே ஓர் இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2000 க்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டனர். நூறு பிரசவத்துக்கு இரு தாய்மார் என்று கணக்கிட்டால், பாதிக்கப்படாத குடும்பம் ஊரில் ஒன்றேனும் இருந்திருக்குமா? இந்த நூற்றாண்டில் அந்த எண்ணிக்கை இலட்சத்துக்கு 30, 40 என்ற அளவுக்கு இறங்கியது. நம்மைவிடப் பன்மடங்கு செல்வமுள்ள நாடுகள் இதனை வந்து பார்த்து வியந்தன. உலக வங்கி 2003 ஆம் ஆண்டில் இலங்கையையும் மலேசியாவையும் எடுத்துக்காட்டாக வைத்து ஒரு நூலே வெளியிட்டது.

இந்த வெற்றி மந்திரத்தால் வந்ததன்று. 1879 இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ மனை திறக்கப்பட்டது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. அதன்பின் பயிற்றப்பட்ட மருத்துவமாதர் ஊர் ஊராக, வீடு வீடாக அனுப்பப்பட்டனர். வெயிலிலும் மாரி வெள்ளத்திலும் ஒழுங்கைகளில் நடந்தும் சைக்கிளில் சென்றும் அவர்கள் ஒவ்வொரு கர்ப்பவதியின் பெயரையும் ஏட்டிலே பதிந்தார்கள். தாயின் உயிர் தப்பியதற்கு அரசாங்கம் கட்டிய கட்டடங்களும் இலவச வைத்தியமும் பெண்கல்வியும் காரணங்களே. ஆனால் அந்தக் கட்டடத்துக்கும் குடிசைக்கும் இடையே பாலமாக நின்றவள் இவளே.

நம்மவர்க்கும் இதில் நெடிய மரபு உண்டு. 1850 களில் மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மகப்பேற்று வைத்திய நூலொன்றைத் தமிழிலே ஆக்கித் தந்தார். தம் மாணவர்க்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். 1898 இல் இணுவிலிலே பெண்களுக்கென மக்லியோட் வைத்தியசாலை எழுந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னர், ஊர் மருத்துவிச்சி இருந்தாள். அவள் பல ஊர்களில் சாதி அடுக்கிலே தாழ்த்தி வைக்கப்பட்ட குடும்பத்துப் பெண். பிள்ளை பிறக்கும் வேளையில் அவளை வீட்டின் உள்ளறை வரை அழைத்தோம். பிறந்த பின் கொல்லைப்புறத்தில் இருத்தி நெல்லும் சேலையும் கொடுத்து அனுப்பினோம். நம் பிள்ளையின் தலையைத் தொட்ட கையிலே தண்ணீர் வாங்கிக் குடிக்க மறுத்தோம். மருத்துவமாதை மதியாத பழக்கம் அரசாங்கம் கற்றுத் தந்த பழக்கமன்று. அது நம் முற்றத்திலே வளர்ந்த பழக்கம். இதையும் இன்று சொல்லியே ஆகவேண்டும்.

தராசு உண்டு, மா இல்லை

இனி, கயிறுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது கயிறு இல்லாமை. 2022 ஆம் ஆண்டை இங்குள்ள எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வாண்டு ஏப்பிரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென அறிவித்தது. எரிபொருளுக்கு மைல்கணக்கில் வரிசை நின்றது. குடும்பநல உத்தியோகத்தர் எனப்படும் கிராமத்து மருத்துவமாதின் வேலையோ வீடு வீடாகச் செல்லும் வேலை. ஏறத்தாழ 3000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. நடைமுறையில் வெற்றிடங்கள் நிரப்பப்படாத பிரிவுகளில் ஒருத்தியே இருவர் பாரத்தைச் சுமப்பதுண்டு. பெற்றோல் இல்லாமல் அவள் எத்தனை வீடு செல்வாள்? எந்த வீட்டை விடுவாள்? விட்ட வீட்டிலே இரத்த அழுத்தம் ஏறிய ஒரு கர்ப்பவதி இருந்தால் அதற்குப் பொறுப்பு யார்?

அதே ஆண்டில் திரிபோஷாவுக்கும் தட்டுப்பாடு வந்தது. 1973 இல் தொடங்கிய இச்சத்துமாத் திட்டம் ஏழைத் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் உரியது. அதன் மூலப்பொருள் சோளமும் சோயாவும். கமக்காரப் பெரியோர்களே, சோளம் ஏன் குறைந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2021 ஆம் ஆண்டில் ஒரே கட்டளையில் செயற்கை உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. பயிர் மஞ்சளாகி நின்றதை நீங்கள் உங்கள் வயலிலே கண்டீர்கள். அதன் மறுபக்கத்தை மருத்துவமாது தராசிலே கண்டாள். பிள்ளையைத் தூக்கித் தராசில் இடுகிறாள். அட்டையிலே கோடு கீழே இறங்குகின்றது. இப்பிள்ளைக்கு இன்னது கொடுக்க வேண்டுமென்று அவளுக்குத் தெரியும். கொடுப்பதற்கு அவள் பையிலே ஒன்றுமில்லை. தாயைப் பார்த்து, “முட்டையும் பாலும் கொடு, அம்மா” என்கிறாள். முட்டையும் பாலும் வாங்க அந்த வீட்டில் வழியில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். தான் சொல்லும் புத்திமதி வெறுஞ் சொல்லென்று அறிந்துகொண்டே அதைச் சொல்லுதல் எத்தகைய வேதனை! நெற்பயிர் வாடுவதைக் கண்டும் வாய்க்காலில் தண்ணீர் இல்லாமல் வரம்பிலே நிற்கும் கமக்காரனுக்கு அது புரியும்.

உறுதிக்குள்ள காவல் உடம்புக்கு இல்லையா?

இரண்டாவது கயிறு, மேலிடத்துக் கணக்கு. இதை விளக்க நான் என் தொழிலிலிருந்தே ஓர் உவமை எடுக்கின்றேன்.

நீங்கள் ஒரு பரப்புக் காணியை விற்பதானால் அதற்கு எத்தனை காவல்கள்! 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டுமென்கிறது. எழுத வாசிக்கத் தெரியாதவர் கையெழுத்து வைப்பதாயின், உறுதியை அவருக்கு வாசித்து விளங்கப்படுத்த வேண்டுமென்று நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் விதிக்கின்றது. விளங்காமல் வைத்த கையெழுத்து நீதிமன்றத்திலே நில்லாமற் போகலாம். ஒரு பரப்பு மண்ணுக்கு இத்தனை காவல் இருக்கும்போது, ஒரு தாயின் கருப்பைக்கு எத்தனை காவல் இருக்க வேண்டும்?

மலைநாட்டுத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். 1980 களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டோருக்கு அரசாங்கம் 500 ரூபா வரை கொடுத்தது. அந்நாளில் கொழுந்து பறிக்கும் தாய்க்கு அது பல நாட் கூலி. பசித்தவளின் முன்னே பணத்தை வைத்துக்கொண்டு, “உன் விருப்பப்படி செய்” என்று சொல்வது விருப்பத்தைக் கேட்பதாகுமா? அவளுக்குத் தெரியாத மொழியில் அச்சிட்ட படிவத்தில் பெருவிரல் அடையாளம் வாங்குவது சம்மதமாகுமா? இதை அருகில் நின்று பார்த்த மருத்துவமாதின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

வன்னியிலும் இது கேட்கப்பட்ட கேள்விதான். 2013 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், கிளிநொச்சி மாவட்டத்து வேரவில், வலைப்பாடு, கிராஞ்சி ஆகிய கிராமங்களின் தாய்மார், தங்களுக்குச் சரிவர விளக்கமளிக்காமலும் வற்புறுத்தியும் கையிலே கருத்தடைக் குச்சிகள் வைக்கப்பட்டதாக முறையிட்டனர். முறைப்பாடு பதிவாகியது, மறுப்பும் வந்தது. கருத்தடைச் சாதனம் தீங்கானதென்று நான் சொல்லவில்லை. தெரிந்து, விரும்பி ஏற்பவளுக்கு அது நன்மையே. நான் கேட்பது வேறு. எண்ணிக்கையை இலக்காக வைத்துக் கீழ் உத்தியோகத்தரைப் பணிக்கும் எந்த நிர்வாகத்திலும், ஊரிலே நம்பிக்கை பெற்ற மருத்துவமாதுதான் அந்த இலக்கின் கருவியாக்கப்படுகின்றாள். தாய்மார் அரசாங்கத்தை நம்பி வருவதில்லை. இவளை நம்பி வருகின்றார்கள். அந்த நம்பிக்கையை விற்கும்படி இவளைப் பணித்தால், மறுநாள் அதே ஒழுங்கையில் இவள் எந்த முகத்தோடு நடப்பாள்?

இரு எசமானர்

மூன்றாவது கயிறு, இரு எசமானருக்கு ஊழியம். 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்ட உடைமையாளரின் பொறுப்பாக்கியது. 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தாய்க்குச் சம்பளத்துடனான லீவை உரிமையாக்கியது. சட்டங்கள் நல்லன. ஆனால் தோட்ட மருத்துவிச்சியின் சம்பளம் தோட்ட நிர்வாகத்தின் கையிலே இருந்தது. “இந்தப் பெண் இனி மலையேறிக் கூடை சுமக்கலாகாது” என்று அவள் சொன்னால், துரைக்கு ஒரு கைகுறைவு. தாய்க்காகப் பேசினால் நிர்வாகத்தின் முகம் சுளிக்கும். நிர்வாகத்துக்காகப் பேசினால் தாயின் வயிறு கேட்கும். தோட்ட வைத்தியத்தை அரசாங்கம் பொறுப்பேற்கும் வேலை 1990 களில் தொடங்கியது. அது முற்றாக நிறைவேறும் வரை இந்தக் கயிறு அறுந்ததாகக் கொள்ள முடியாது.

மொழியும் இதனோடு சேர்ந்ததே. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. 1988 இன் 16 ஆவது திருத்தம் நிர்வாக மொழி உரிமையை விரித்தது. எழுத்திலே இருக்கும் உரிமை பிரசவ அறைக் கதவடியிலே நின்றுவிடுகின்றது. நோவின் உச்சத்தில் ஒரு தமிழ்த்தாய் சொல்வதை விளங்காத தாதி ஒருபுறம். தாதி இடும் கட்டளையை விளங்காத தாய் மறுபுறம். இரண்டும் தெரிந்த சிற்றூழியை ஒருத்தியைத் தேடி ஓடவேண்டிய நிலை. அந்தச் சில நிமிடங்களில் உயிர் போகலாம். தாய்க்கு மொழியுரிமை மறுக்கப்படும்போது, நல்ல மனமுள்ள சிங்கள மருத்துவமாதும் அதே நோவுக்கு ஆளாகின்றாள் என்பதை நாம் மறத்தலாகாது. அவளும், செய்ய வேண்டியதை அறிந்தும் செய்ய முடியாது நிற்பவளே. மொழிச் சிக்கல் ஓர் இனத்தின் குறையீடு மட்டும் என்று நினைப்போர் பிரசவ அறையில் ஓர் இரவு நின்று பார்க்கட்டும்.

சட்டம் இடும் முடிச்சு

நான்காவது கயிறு சட்டமே. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலன்றி, கருச்சிதைவு செய்வித்தலைக் குற்றமென்கிறது. 3 ஆண்டு வரை சிறை. கரு உயிர்ப்புக் கண்ட பின்னராயின் 7 ஆண்டு வரை. வன்செயலுக்கு ஆளான சிறுமிக்கு இதில் விலக்கில்லை. பிறந்தாலும் பிழையாது என்று வைத்தியர் சொன்ன சிசுவைச் சுமப்பவளுக்கும் விலக்கில்லை. 1995 இல் பாராளுமன்றத்தின் முன் வந்த திருத்தத்திலிருந்து இதைப் பற்றிய பகுதி கைவிடப்பட்டது.

இதில் எது முடிவாக வேண்டுமென்று இச்சபையிலே இருப்போர் ஒருமனப்படமாட்டார்கள். சமய நம்பிக்கை ஒரு பக்கம் இழுக்கும். இரக்கம் ஒரு பக்கம் இழுக்கும். மருத்துவமாதர் மத்தியிலும் அவ்வாறே. கருவழிப்பில் எவ்வகையிலும் பங்குகொள்ள மனம் ஒவ்வாதவரும் உளர். சட்டத்தின் கொடுமையால் ஒரு சிறுமி களவாகச் சென்று இரத்தம் பெருகித் திரும்புவதைக் கண்டு நெஞ்சு வெடிப்போரும் உளர். இருவர் மனச்சாட்சிக்கும் இடமளிக்க வேண்டும். மருத்துவமாதரின் சர்வதேசக் கூட்டமைப்பின் ஒழுக்கக் கோவை, ஆழ்ந்த மனவொவ்வாமை உள்ள செயலிலிருந்து விலகி நிற்க அவளுக்கு இடமளிக்கின்றது. அதனால் எந்தப் பெண்ணும் அத்தியாவசிய சேவையை இழக்கலாகாது என்றும் சொல்கின்றது. 140 ஆண்டுக்கு முன் வேற்றரசன் எழுதிய சட்டத்தைத் தொடவும் அஞ்சி, அதன் விளைவை மட்டும் ஊர் மருத்துவமாதின் மடியிலே போட்டுவிட்டு நாம் ஒதுங்குவது பேடித்தனமாகும்.

எறிகணையின் கீழ்

போரைப் பற்றி நீளப் பேசேன். அறிந்தவர்கள் இங்கே இருக்கின்றீர்கள். 2009 ஆம் ஆண்டு பெப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைக்கு இலக்காயிற்று. வன்னி வைத்தியசாலைகள் தாக்கப்பட்டமை, மருந்து தடுக்கப்பட்டமை, மக்கள் வெளியேற விடப்படாது புலிகளால் தடுக்கப்பட்டமை ஆகியவை பற்றி நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் உண்டென ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 இல் அறிக்கையிட்டது. அந்த மண்ணிலும் பிள்ளைகள் பிறந்தன. கூடாரத்திலும் பதுங்குகுழியிலும் பிரசவம் பார்த்தவர் இருந்தனர். உள்ள மருந்தை யாருக்குக் கொடுப்பது, யாரை விட்டு ஓடுவது என்ற கேள்வியை மனித மனம் தாங்குமா? அந்தப் பெண்களிற் பலர் மறுபடி சீருடை அணிந்து வேலைக்கு வந்தனர். அவர்களை அழைத்து, “அம்மா, நீங்கள் கண்டதென்ன?” என்று ஆறுதலாகக் கேட்டவர் எத்தனை பேர்?

மௌனத்தின் விலை

மனச்சாட்சி நோவைத் தீர்க்காவிட்டால் என்ன நேரும்? மூன்று வழிகளே உண்டு. சிலர் வேலையை விட்டுவிடுவர், அல்லது நாட்டை விட்டுச் செல்வர். சிலர் நோயாளியாவர். சிலர், நோவு தாங்காமல், நெஞ்சிலே தோல் தடித்தவராவர். மண்வெட்டி பிடித்த கையிலே காய்ப்பு ஏறுவதுபோல் மனத்திலும் காய்ப்பு ஏறும். பிரசவ அறையில் தாயை ஏசினார்கள், மரியாதையின்றி நடத்தினார்கள் என்ற குறையீடுகளை நாம் கேட்கின்றோம். அந்த ஏச்சுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை; அது குற்றமே. ஆயினும், அவ்வாறு ஏசுபவர்களிற் பலர் தொழிலுக்கு வந்த முதல் ஆண்டில் பிறர் ஏசுவதைக் கண்டு கண்ணீர் விட்டவர்களே. அன்று பேச வாயின்றி நின்றார்கள். பின்னர் தாமும் பழகிப் போனார்கள். மனச்சாட்சி நோவின் முடிந்த முடிவு மனச்சாட்சியின் மரணம். அதன் விலையைத் தாயே கட்டுகின்றாள்.

இது வறிய நாட்டின் நோய் மாத்திரமன்று. இங்கிலாந்திலே சுரூஸ்பரி வட்டாரத்து மகப்பேற்று வைத்தியசாலைகளைப் பற்றி மருத்துவமாது டொனா ஒக்கென்டன் தலைமையில் விசாரணை நடந்தது. 2022 மார்ச்சில் வெளிவந்த அறிக்கை, சரியான கவனிப்பு இருந்திருந்தால் 201 சிசுக்களும் 9 தாய்மாரும் பிழைத்திருக்கக் கூடுமென்றது. அங்கே வேலை செய்தோர் பேச அஞ்சினர் என்பதும் அவ்வறிக்கையிலே பதிவாகியது. இயந்திரங்கள் இருந்தன, பணம் இருந்தது, நூல்கள் இருந்தன. கண்டதைச் சொல்லும் துணிவுக்குக் காவல் மட்டும் இருக்கவில்லை.

நம் நாட்டில் அந்தக் காவல் எங்கே? தாபன விதிக்கோவை, அரசாங்க உத்தியோகத்தர் அனுமதியின்றிப் பத்திரிகைக்குத் தகவல் கொடுப்பதைத் தடுக்கின்றது. நிர்வாகத்துக்கு ஒழுங்கு வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. “கீழுள்ளவர் எல்லோரும் மனச்சாட்சி பேசத் தொடங்கினால் வேலை நடக்குமா?” என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு என் விடை இது: கட்டளை நேர்மையானதாயின் அதை எழுத்திலே தர ஏன் அஞ்ச வேண்டும்? ஒழுங்கு என்பது வாயை மூடுவதன்று. சொல்லப்பட்டதைக் கேட்டு, பதிந்து, விடையளிப்பதே ஒழுங்கு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 40 ஆம் பிரிவு, அச்சட்டத்தின்கீழ் வெளியிடத்தக்க தகவலை வெளியிட்ட உத்தியோகத்தரைத் தண்டிக்கலாகாது என்கிறது. இப்படியொரு கேடயம் இருப்பதை எத்தனை மருத்துவமாதருக்கு நாம் எடுத்துச் சொல்லியிருக்கின்றோம்?

செய்யத்தக்கன

புலம்பிக் கலைவதற்காக நாம் கூடவில்லை. ஆகவே ஐந்து வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

முதலாவது: வாய்மொழிக் கட்டளை மனச்சாட்சிக்கு மாறாகத் தோன்றினால், அதை எழுத்திலே கேட்கவும், தன் மாறுபாட்டை எழுத்திலே பதியவும் ஒவ்வொரு மருத்துவமாதுக்கும் உரிமை வேண்டும். அவ்வாறு பதிந்ததற்காக இடமாற்றமோ சம்பள ஏற்றத் தடையோ செய்யலாகாது என்று சுற்றுநிருபம் பிறக்க வேண்டும்.

இரண்டாவது: குடும்பக் கட்டுப்பாட்டிலே எண்ணிக்கை இலக்கு எந்த உருவத்திலும் கூடாது. தாயின் சம்மதம் அவளுடைய மொழியிலே விளக்கப்பட்டு, அவளுடைய மொழியிலே எழுதப்பட்டு, வீட்டுக்குச் சென்று யோசிக்க அவகாசம் கொடுக்கப்பட்டே பெறப்பட வேண்டும். காணி உறுதிக்குள்ள காவலை உடம்புக்கும் தாருங்கள் என்பதே கோரிக்கை.

மூன்றாவது: தமிழ் பேசும் தாய்மார் உள்ள பிரிவுகளிலே தமிழ் பேசும் மருத்துவமாதர் நியமிக்கப்பட வேண்டும், தோட்டங்களில் இது தாமதமின்றி நிறைவேற வேண்டும். 18 மாதப் பயிற்சிக்கு மலைநாட்டுப் பிள்ளைகளும் வன்னிப் பிள்ளைகளும் பெருமளவில் சேர வேண்டும். ஆசிரியப் பெருமக்களே, இது உங்கள் கையிலே உள்ளது. கெட்டிக்காரப் பிள்ளையை வைத்தியராக்க நினைக்கின்றீர்கள், நல்லது. நல்ல மனமுள்ள பிள்ளையை மருத்துவமாதாக்கவும் நினையுங்கள்.

நான்காவது: நம் நாட்டில் ஒவ்வொரு தாய் மரணமும் விசாரிக்கப்படும் நல்ல வழக்கம் உண்டு. அவ்விசாரணை பாடங் கற்பதற்கா, பலியாடு தேடுவதற்கா? பலியாடு தேடினால், அகப்படுபவள் மிகக் கீழேயுள்ளவளே. வாய்க்கால் தூர்ந்து கிடக்கத் தண்ணீர் கட்டியவனைக் குற்றஞ் சாட்டும் விதானையாரைக் கமக்காரர் மதிப்பாரா? அம்புலன்சு ஏன் வரவில்லை, இரத்தம் ஏன் இருக்கவில்லை, வெற்றிடம் ஏன் நிரப்பப்படவில்லை என்ற வினாக்கள் முதலிலே எழ வேண்டும்.

ஐந்தாவது வேண்டுகோள் அரசாங்கத்திடம் அன்று, உங்களிடம். என் தொழிற்சகோதரருக்குச் சொல்கின்றேன்: மனச்சாட்சிக்காகப் பேசி ஒழுக்காற்று விசாரணைக்கு ஆளாகும் மருத்துவமாதுக்காகக் கட்டணமின்றித் தோன்றுவோம். வைத்திய அன்பர்களே, உங்கள் விடுதியில் ஓர் இளம் மருத்துவமாது “ஐயா, இந்தத் தாயின் நிலை எனக்குப் பயமாயிருக்கிறது” என்று சொன்னால், அவளை அதட்டாமல் எழுந்து வந்து பாருங்கள். அந்த ஒரு செயல் இருவர் உயிரைக் காக்கலாம். மூன்றாமவளின் மனச்சாட்சியைக் காப்பது உறுதி. கமக்காரப் பெரியோர்களே, மாரி வெள்ளத்தில் அவள் வரும் ஒழுங்கையைத் திருத்தி வையுங்கள்; இராக்காலத்தில் தாயை ஏற்றிச் செல்ல ஊரிலே ஒரு வாகனத்தை ஒழுங்கு செய்து வையுங்கள். விளைவித்த பயறிலும் முட்டையிலும் ஒரு பங்கை, தராசில் எடை குறைந்த பிள்ளையின் வீட்டுக்கு ஒதுக்குங்கள். கிளினிக்குக்கு வரும் தாய்மார்களே, மா இல்லையென்று அவள் சொல்லும்போது அவளை ஏசாதீர்கள். மாவைத் தராதவர் யாரென்று அவளோடு சேர்ந்து கேளுங்கள். அவள் தனித்துக் கேட்டால் அது ஒழுங்கீனம் எனப்படும். ஊர் சேர்ந்து கேட்டால் அது உரிமைக் குரலாகும்.

அன்பர்களே! உரிமை என்று நாம் மேடைதோறும் முழங்குகின்றோம். ஓர் இனத்தின் உரிமை, பிறந்து முதல் அழுகை அழும் உயிரிடத்திலிருந்தே தொடங்குகின்றது. அந்த உயிரை ஏந்தும் கை நடுங்காமல் இருக்க வேண்டுமானால், அக்கைக்குரியவள் தன் மனச்சாட்சிக்கு அஞ்சியவளாகவும் வேறு எவர்க்கும் அஞ்சாதவளாகவும் இருக்க வேண்டும். அவளுக்கு அந்த நிலையைத் தருவதற்கு இந்தச் சபை இன்றே தீர்மானம் ஒன்றை நிறைவேற்றி, சுகாதார அதிகாரிகளுக்கும் நம் பாராளுமன்றப் பிரதிநிதிகளுக்கும் அனுப்ப வேண்டுமென்று கேட்டு, என் உரையை முடிக்கின்றேன்.